வாக்களிக்க மறுப்பதற்கும் வரிசையில் நிற்க வேண்டும்

(தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மறுநாள் மாலை. மருமகனின் அடுக்குமாடி வீடு. மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவர் என்பதால், தேர்தல் என்ற சொல் காதில் விழுந்தாலே நிமிர்ந்து உட்காருவார்.)

மருமகன்: மாமா, வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறதாம். அதோடு இரண்டு நாட்களைச் சேர்த்து, மலைப்பக்கம் போய்வர அறை எடுத்துவிட்டேன்.

மாமா: அந்த விடுமுறையை எதற்காகத் தருகிறார்கள் என்று எழுதியிருந்த வரியை மட்டும் கண் தாண்டிவிட்டதா, மாப்பிள்ளை?

மருமகன்: தாண்டவில்லை. ஆனால் தொகுதியில் விழும் லட்சக்கணக்கான வாக்குகளுக்கு நடுவே என்னுடைய ஒரு வாக்கு கடலில் கரைத்த பெருங்காயம்தானே?

மாமா: 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில், முதலமைச்சர் ஆகக்கூடும் என்று பேசப்பட்ட சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்து நின்றவர் பெற்றது 62,216. அந்த ஒரு துளிப் பெருங்காயத்தின் வாசனை அவரை நெடுநாள் விட்டிருக்காது.

மருமகன்: அது லாட்டரியில் பரிசு விழுவது போல எப்போதோ ஒருமுறை நடப்பது, மாமா.

மாமா: அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 40,752-க்கு 40,751 என்று நடந்திருக்கிறது. இருந்தாலும் அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன்; இதை வைத்து உன்னை மிரட்டுவது எனக்கே கொஞ்சம் மலிவாகப் படுகிறது. வேறு கணக்குக்கு வருவோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே 137 வாக்குகள். உன் குடியிருப்பில் எத்தனை வீடுகள்?

மருமகன்: 120.

மாமா: வீட்டுக்கு இரண்டு பேர் பெருங்காயத் தத்துவம் பேசிக்கொண்டு மலையேறினால் ஒரு சட்டமன்ற உறுப்பினரே மாறிவிடுவார்.

மருமகன்: நீங்கள் என்னைச் சோம்பேறி என்று நினைக்கிறீர்கள். நான் போகாமல் இருப்பது இந்த வேட்பாளர்கள் யாரையும் பிடிக்காததால் நான் மௌனமாகத் தெரிவிக்கும் எதிர்ப்பு.

மாமா: மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் நான், வாக்களிக்க வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுவேன். வராதவர் எதிர்ப்பால் வரவில்லையா, தூக்கத்தால் வரவில்லையா என்று எழுதுவதற்கு அதில் இடமே கிடையாது. கட்சி முகவர்களுக்குத் தரும் கணக்கிலும் இந்தச் சாவடியில் இத்தனை பேர் வந்தார்கள் என்பது இருக்கும், வராததன் காரணம் இருக்காது. வராத தெருவுக்கு எந்த வேட்பாளர் அடுத்த முறை செருப்பைத் தேய்ப்பார்?

மருமகன்: அப்படியானால் மறுப்பைப் பதிவு செய்ய வழியே இல்லையா?

மாமா: 49ஓ என்று ஒரு விதி இருக்கிறது. அதன்படி நீ வாக்குச்சாவடிக்கு வந்து, வரிசையில் நின்று, பதிவேட்டில் கையெழுத்தும் போட்ட பிறகு வாக்களிக்க மாட்டேன் என்று சொன்னால், உன் பதிவுக்கு எதிரே அதைக் குறித்துக்கொள்வோம்.

மருமகன்: வாக்களிக்க மறுப்பதற்கும் வரிசையில் நிற்க வேண்டுமா? இது என்ன நியாயம், மாமா?

மாமா: அதில் நீ மறுத்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால்தான், உச்ச நீதிமன்றம் சொல்லி, 2013 முதல் இயந்திரத்தின் கடைசிப் பொத்தானாக, 'இவர்களில் யாருமில்லை' என்னும் நோட்டா வந்தது. அதற்கு எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வென்றவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த எண்ணிக்கையை அறிவிக்கிறார்கள். நீ மலையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்ததை யாரும் அறிவிக்கப்போவதில்லை. அது இருக்கட்டும், பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா?

மருமகன்: அட்டையே கையில் இருக்கிறது, பாருங்கள்.

மாமா: அட்டை நீ யார் என்று சொல்லும், உனக்கு வாக்கு உண்டா என்று பட்டியல்தான் சொல்லும். கைபேசியில் தேடு.

(மருமகன் தேடுகிறான். முகம் மெல்லச் சிவக்கிறது.)

மருமகன்: என் பெயர் இல்லை, மாமா! வீடு மாறியதால் பழைய இடத்தில் நீக்கிவிட்டார்கள் போலிருக்கிறது, இங்கேயும் சேர்க்கவில்லை! என்னைக் கேட்காமல் என் வாக்கை எடுக்க இவர்கள் யார்? ஒரு குடிமகனின் வாக்கு என்றால் அவ்வளவு இளக்காரமா?

மாமா: சற்று முன்பு அது பெருங்காயமாக இருந்தது.

மருமகன்: விளையாடாதீர்கள். இது என் உரிமை!

மாமா: வாக்குச்சாவடி நிலை அலுவலர் யாரும் படிவத்தோடு வீட்டுக்கு வரவில்லையா?

மருமகன்: (குரல் தாழ்ந்து) கையில் தாள்கட்டோடு ஒருவர் மூன்று முறை மணி அடித்தார். ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிட்டேன்.

மாமா: வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் புதிய பெயர் ஏறாது. இன்றைக்கே படிவம் 6-ஐ நிரப்பி அனுப்பு. யாராவது விசாரிக்க வந்தால் மறக்காமல் கதவைத் திற.

மருமகன்: அறையை ரத்து செய்துவிட்டு இப்போதே உட்காருகிறேன், மாமா.

(அழைப்பு மணி ஒலிக்கிறது.)

மருமகன்: (கிசுகிசுப்பாக) மாமா, விளக்கை அணையுங்கள்!