நாலு ஓட்டையும் சரியாம், பிறகென்ன கவலையாம்!

நாலு ஓட்டை இருக்கிறதாம், ஆகவே பொருந்துமாம். யாழ்ப்பாணத்தில் கார்ச் சில்லுக்கு ரிம் தேடி அலைகிற எவருக்கும் கிடைக்கிற ஒரே தொழில்நுட்ப விளக்கம் இதுதான். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்து, அதில் ஒன்று இடித்தால் வேறு சாத்திரியாரிடம் ஓடுகிற ஊரில், பெண்சாதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உருளப்போகிற சில்லுக்கு ஒரு பொருத்தம் போதும். ஓட்டை எண்ணிக்கை.

என்னுடைய கார் ஜப்பான் சுசுக்கி வகன் ஆர். பள்ளத்தில் விழுந்து ரிம் வெடித்துவிட்டது. எந்தப் பள்ளம் என்று கேட்காதீர்கள், உங்கள் ஒழுங்கை முகப்பிலும் ஒன்று இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இவ்வளவு காலமும் இருக்கிற காரையே ஒட்டுப்போட்டு ஓடினோம், திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டு அதையேதான் ஓடுகிறோம். ரிம் மாற்றுகிறேன் என்றால் ஸ்ரைல் காட்டுகிறான் என்று நினைக்கிற சனத்துக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, கடைக்கு வருவோம். பெயர் வேண்டாம். கடை அண்ணை ஒரு செற் அலோய் ரிம் இறக்கிக் காட்டினார். ஹொண்டா ஃபிட் காரில் இருந்து கழற்றியது, ரயரோடு, பார்க்க நல்ல வடிவு. “உங்கடையும் 14 இஞ்சி, இதுவும் 14 இஞ்சி. உங்கடையும் நாலு நட், இதுவும் நாலு நட். வேற என்ன தம்பி வேணும்?”

வேறு என்ன வேணுமா? நட் ஓட்டைகளின் வட்டம் இரண்டுக்கும் 100 மில்லிமீற்றர், அது சரி, அண்ணைக்கு முழுப் புள்ளி. நடு ஓட்டை? சுசுக்கியின் ஹப், அதாவது ரிம்மின் நடு ஓட்டை போய் உட்காருகிற காரின் குமிழ், 54.1 மில்லிமீற்றர். ஹொண்டா ரிம்மின் நடு ஓட்டை 56.1. சொன்னேன். மனிசன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் தெரிந்தது. “ரெண்டு மில்லிமீற்றர் எல்லாம் ஒரு கதையா தம்பி?” இடையில் போட ரிங் இருக்கிறதா என்று கேட்டேன். அது கொழும்பில், பஞ்சிகாவத்தைப் பக்கம்தான் எடுக்கலாமாம். அதற்குள் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த இன்னொருவர், அவர் கடைக்காரரும் இல்லை, வாங்க வந்தவரும் இல்லை, எல்லாக் கடையிலும் ஒருவர் இருப்பாரே அவர்தான், “ரின்பால் பேணியை வெட்டிச் சுத்திவிட்டால் காணும்” என்றார். ரின்பால் பேணி! நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை.

நான் வாய் திறக்க முதலே பெடியன் ஜக்கை வைத்து முன்சில்லைக் கழற்றிவிட்டான். கேட்டா கழற்றினான்? இல்லை. ரிம்மை ஏற்றினான். ரிம்மோடு வந்த ஹொண்டா நட்டை எடுத்தான். ஒன்றரைச் சுற்றுப் போனது, நின்றது. திருப்பி எடுத்து ஊதினான். திரும்பவும் ஒன்றரைச் சுற்று, திரும்பவும் நின்றது. “இறுக்கமா இருக்கண்ணை, நட் இறுக்கிற கன்னால அடிச்சாப் போகும்.” போகும் தம்பி, போகும், நட் ஏறுகிற ஆணி, என் ஸ்ரட், அதன் மரையும் சேர்ந்து போகும். இரண்டு நட்டும் 12 மில்லிமீற்றர்தான், ஆனால் மரைக்கு மரை இடைவெளி ஹொண்டாவில் 1.5, சுசுக்கியில் 1.25. கையால் போகாத நட்டைக் கன்னால் அடிக்கிற இந்த ஞானத்தை எந்தக் கராஜில் படிப்பிக்கிறார்கள்? கத்தினேன். ரோட்டில் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப உங்கட நட்டையே போடுறன்” என்றான். போட்டான். அது ஏறியது. உடனே அண்ணையின் முகத்தில் ஒரு வெற்றிக் களை. “பாத்தியளே, நான் சொன்னனான்!” இல்லை அண்ணை. ஹொண்டாவின் ஒரிஜினல் ரிம்மில் நட் இருக்கிற இடம் உருண்டை, என்னுடைய நட்டின் வாய் கூம்பு. கூம்பை உருண்டைக்குள் வைத்து இறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் முட்டும், இறுகின மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். ஹப்பிலும் ரிம் ஆடுகிறது, நட்டிலும் ஒழுங்காக இருக்கவில்லை. பிறகு இந்தச் சில்லு எதை நம்பிக் காரோடு நிற்கிறது? நல்லூரானையா? உருண்டை வாய் வைத்த 1.25 மரை நட் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லையாம்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது, மச்சான் பட்டது. நடு ஓட்டை பெருத்த ரிம்மைப் போட்டுவிட்டு, கைதடி தாண்டி 70ஐத் தொட்டதும் ஸ்ரியரிங் நடுங்குகிறது என்று போனால் என்ன சொல்வார்கள்? பலன்ஸ் பாருங்கோ. பலன்ஸ் மெசினில் ரிம்மை நடு ஓட்டையில் கூம்பு வைத்துத்தான் பிடிப்பது, அதனால் அங்கே அது நடுவில் அழகாகச் சுற்றும், மெசின் பூச்சியம் காட்டும். காரில் மாட்டினால் நடு விலகித் திரும்பவும் நடுக்கம். அப்ப அலைன்மென்ற் செய்யுங்கோ. அதுக்கும் காசு. அப்ப ரயர் பிழை, ரயரை மாத்துங்கோ. அதுக்கும் காசு. அந்த இரண்டு மில்லிமீற்றரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள்.

ரயரைப் பற்றி நான் இன்னும் தொடங்கவேயில்லை. என்னுடையது 155/65, அதாவது அகலம் 155 மில்லிமீற்றர், பக்க உயரம் அதில் 65 வீதம். அவர் செற்றில் இருந்தது 175/65. இரண்டும் 14தானே என்கிறார், ஆனால் விட்டம் 26 மில்லிமீற்றர் கூட. மீற்றர் 60 காட்டும்போது கார் உண்மையில் 63இல் போகும், பொலிஸ்காரரிடம் ரயர்க் கணக்குச் சொல்லிப் பார்க்கலாம்.

ஃபிட் ரிம் வேண்டாம் என்றதும் இன்னொரு செற் வந்தது, வேறு ஏதோ கம்பனி, கறுப்பு, பளபளப்பு. ரிம்மின் பின்பக்கத்தில் 5.5 அங்குல அகலம், ஓஃப்செற் 38 என்று தெளிவாக வார்த்திருந்தது. என்னுடையது 4.5, 45. ஓஃப்செற் என்றால் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் முட்டுகிற முகத்துக்கும் இடையில் உள்ள மில்லிமீற்றர், அது குறையக் குறைய ரிம் வெளியே வரும். ஒரு அங்குலம் அகலம் கூடினால் பக்கத்துக்கு அரை அங்குலம், அதோடு ஓஃப்செற் 7 குறைந்தால், ரிம் வெளியே 20 மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். அது 660 சிசி கெய் கார் ஐயா, ஜப்பான் சட்டப்படி முழு அகலமே 1.48 மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்று இறுக்கிக் கட்டினது, மட்காட்டுக்குள் எங்கே 20 மில்லிமீற்றர் சும்மா கிடக்கிறது? பின்சீற்றில் மாமியும் பெரியம்மாவும் ஏறினால் ரயர் மட்காட்டைத் தின்னும். வார்த்திருந்த இலக்கத்தைக் காட்டி அண்ணையிடம் கேட்டேன். துணியால் துடைத்து, கண்ணாடி போட்டு, நல்ல வடிவாகப் பார்த்துவிட்டுச் சொன்னார், “அது கம்பனி நம்பர் தம்பி.”

அதற்கு மேல் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அவரும் சிரித்தார், பிளேன்ரீ தந்தார், ரின்பால் பேணிக்காரரும் சேர்ந்து சிரித்தார். என் நட்டை என் ஸ்ரட்டில் திருப்பிப் போட மட்டும் நான் பெடியனை விடவில்லை. ஸ்பெயார் சில்லோடு வீட்டுக்கு வந்தேன், இன்னும் அதில்தான் ஓடுகிறேன். ஒரிஜினல் ரிம் ஒன்று யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள். 14, 4.5, 45, நடு 54.1. “நாலு ஓட்டைதான் அண்ணை” என்று மட்டும் எழுதாதீர்கள்.

அது கிடக்க, ஆட்டோவில் பாண் விற்கிற இந்த மனிசன்! பின்னேரம் கண் அயர்கிற நேரம் பார்த்து அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு வருகிறார், மூன்று ஒழுங்கைக்கு அந்தப் பக்கமே கேட்கத் தொடங்குகிறது, வருகிறார் வருகிறார் என்று காசையும் எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தால் ஆளையே காணோம், பாட்டு மட்டும் அடுத்த ஒழுங்கையில் கேட்கிறது. நிற்காமல் ஓடுகிறதென்றால் பிறகு ஏன் ஐயா பாட்டு?