பத்து நிமிஷமாம், பத்து நிமிஷம்!

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராக மறித்து, கற்பூரம் ஏற்றி, அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்க வேண்டும். அப்போதாவது வாயில் உண்மை வருகிறதா பார்க்கலாம்.

நேற்று கிரிகல்பொத்தை மலைக்குப் போய் வந்தோம். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்க, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குசினி வரை போகிறேன். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வலிக்குச் சித்தாலேப இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு எந்தத் தைலத்தைத் தேய்ப்பது?

மூலகாரணம் மச்சான். உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவன் இருப்பான். ஏப்ரல் லீவு வந்து, கொழும்பில் வெயில் தாங்காத சனமெல்லாம் நுவரெலியாவுக்கு ஏறும்போது, அவனுக்கு மட்டும் அதற்கும் மேலே எங்கேயாவது ஏற வேண்டும். "ஈஸி ஹைக்டா, சின்னப் பிள்ளைகளே போகுதுகள்." எந்தப் பிள்ளை, யார் பெற்ற பிள்ளை என்று கேட்டால் பதில் வராது. இலங்கையிலேயே உயரமான மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர், ஆனால் அதன் உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரமும் இராணுவமும் இருக்கிறபடியால் நினைத்தபடி நடந்து ஏற முடியாது. அதனால் இரண்டாவது உயரமான கிரிகல்பொத்தைதான் நம்மைப் போன்றவர்களுக்கு முதலாவது. இது அவன் அனுப்பிய குரல் பதிவின் சுருக்கம்.

அவன் போட்ட கணக்கையும் கேளுங்கள். கிரிகல்பொத்தை 2,388 மீற்றர். நடக்கத் தொடங்குகிற ஹோர்ட்டன் சமவெளியே ஏறத்தாழ 2,100 மீற்றரில் இருக்கிறது. கழித்தால் 300 மீற்றர்கூட வரவில்லையாம். "300 மீற்றருக்கா பயப்படுறே?" கழித்தல் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒரு வழிக்கே 7 கிலோமீற்றர் என்பதும், அந்த ஏழிலும் ஏறியதையெல்லாம் அடுத்த பள்ளத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும் என்பதும் அவன் கணக்கில் எங்கே இருக்கிறது?

விடியற்காலை ஐந்து மணிக்கு நானுஓயாவில் வேன் நிற்கும் என்றான். எத்தனை மணிக்கு வந்தது என்று நான் எழுதத் தேவையில்லை.

பட்டிப்பொல வழியாகப் போய், வாசலில் பையைத் திறந்து பொலித்தீனையெல்லாம் கொடுத்துவிட்டு, ஃபார் இன் பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்கினோம். கூட்டம் முழுக்க 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்கத் திரும்ப, நாங்கள் மட்டும் மற்றப் பக்கம். முதலில் புல்வெளி, சுகமாகத்தான் இருந்தது. பிறகு காடு. தலைக்கு மேலே வளர்ந்த குட்டை மூங்கில் முகத்தில் அறையும். கீழே கறுப்புச் சேறு. மேலே பார்த்தால் காய்ந்து கிடக்கிற மாதிரிதான் தெரியும். நம்பிக் காலை வைத்தால் வெந்த களிக்குள் இறங்குகிற மாதிரி கணுக்கால் வரை உள்ளே போகும். இழுத்தால் கால் வரும், சப்பாத்து வராது. குனிந்து கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது அது போடுகிற சத்தத்துக்குப் பின்னால் வருகிறவன் சிரிப்பான்.

அப்படிக் குனிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்த மனுஷன் இறங்கி வந்தார். நீல மழைக்கோட்டு. காலில் பாட்டாச் செருப்பு. ஆமாம், செருப்பு. கையில் கிறீம் கிறேக்கர்.

"அண்ணன், இன்னும் எவ்வளவு தூரம்?"

நின்றார். ஒன்றும் அவசரப்படவில்லை. கடித்த பிஸ்கட்டை மென்று விழுங்கினார். திரும்பி, தான் வந்த வழியைக் கண்ணால் அளந்தார். நில அளவையாளர்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மனதுக்குள் கூட்டினார், பெருக்கினார், மீதியைத் தள்ளிவிட்டார். பிறகு, பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து, "வந்துட்டீங்க தம்பி, பத்து நிமிஷம்" என்றார். ஒரு கையில் பிஸ்கட் இருந்ததால் மற்றக் கையை இரண்டு தரம் விரித்துக் காட்டினார். ஐந்து, ஐந்து. சந்தேகம் வரக் கூடாதல்லவா.

ஏன்? இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன். மனுஷன் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார். காலை அவருக்கு அங்கேதான் கழிந்திருக்கிறது. எனக்கு அவர் கடன் தர வேண்டியதில்லை, நான் அவருக்குச் சொந்தமும் இல்லை. "தெரியாது தம்பி" என்று சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டு நடந்திருப்பேன். "தூரம்தான், திரும்பிப் போங்க" என்று சொல்லியிருந்தால் இன்று என் முழங்கால் என் முழங்காலாக இருந்திருக்கும். பத்து என்ற எண்ணை எங்கிருந்து பிடித்தார்? பதினைந்து இல்லை, இருபது இல்லை. மலைநாட்டில் இறங்குகிறவன் வாயில் வேறு எண்ணே வராதா?

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இதற்கு ஒரு கணக்கே எழுதி வைத்தார். 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலதிகமாக இன்னொன்று. நல்ல பாதை, நல்ல உடம்பு, நடுவில் நிற்காமல் நடந்தால் சரியாக வரும். சப்பாத்தைத் தோண்டி எடுக்கிற நேரத்தை அவர் சேர்க்கவில்லை. பிஸ்கட் அண்ணனை அவர் சந்திக்கவும் இல்லை.

பத்து நிமிஷம் நடந்தோம். அந்தப் பத்து முடிந்து அடுத்ததும் போனது. எதிரே ஒரு கம்பஸ் கூட்டம், எல்லோரும் ஒரே குரலில் "லங்கய், லங்கய்!" கிட்டத்தானாம். பிறகு கைத்தடியோடு ஒரு பெரியவர். வயசானவர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிக் கேட்டேன். "அந்தா தெரியுதே, அந்த முனைதான்" என்றார். அந்த முனைக்கு மூச்சு வாங்க ஏறினால், பின்னால் இன்னொரு முனை நிற்கிறது. அது வேறு, முந்தியதைவிடப் பெரிசு. பெரியவர் கண்ணுக்கு அது மறைந்திருந்ததாம், சரி, மன்னிப்போம். மன்னிக்க முடியவில்லை.

உண்மை சொன்னது ஒரே ஒருவன். பள்ளிக்கூடப் பையன், கண்ணாடி போட்டிருந்தான். "ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆகும் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் குழுவில் ஒருத்தருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. "நெகட்டிவ் ஆள்டா" என்றான் மச்சான். சரியாக அந்தப் பையன் சொன்னபடிதான் ஆனது.

சிவனொளிபாதமலையில் இந்தத் தொல்லை கிடையாது. நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் 5,000-க்கு மேல் படி. பருவ காலத்தில் வழி நெடுக வெளிச்சம், உட்காரத் தேத்தண்ணிக் கடை. தூரம் கேட்டால் அப்பாயி தலையில் குட்டும். "சாமியப் பார்க்கப் போறவன் எவ்வளவு தூரம்னு கேப்பானா?" அந்தக் குட்டை இப்போது யாராவது பிஸ்கட் அண்ணனுக்குப் போட்டால் நன்றாயிருக்கும்.

உச்சிக்கும் வந்து சேர்ந்தோம். பனிமூட்டம். எங்கள் சப்பாத்தே எங்களுக்குத் தெரியவில்லை. வேன் நேரத்துக்கு வந்திருந்தால் மூட்டம் இறங்குவதற்கு முன்னால் ஏதாவது பார்த்திருக்கலாம், அதை யாரிடம் சொல்வது? மச்சான் வெள்ளையைக் காட்டி, "அந்தப் பக்கம் சிவனொளிபாதமலை" என்றான். போனைப் பார்த்துவிட்டு, "இல்ல இல்ல, இந்தப் பக்கம்" என்று வேறு வெள்ளையைக் காட்டினான். இரண்டையும் படம் பிடித்தோம்.

மத்தியானம் தாண்டியதும் இடி முழங்கத் தொடங்க, இறங்கினோம். நடுவழியில் ஒரு குடும்பம் ஏறி வருகிறது. தகப்பன் தோளில் பிள்ளை, பின்னால் தாய், கையில் சோற்றுப் பார்சல். "இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்று அந்த அக்கா கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். ஒன்றரை மணித்தியாலம், மேலே ஒன்றும் தெரியாது, மழையும் வருகிறது, பிள்ளையோடு போகாதீர்கள் அக்கா.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். புருஷன் பக்கம் திரும்பி, "இவருக்கு ஏலாமப் போச்சு, அதான் நம்மளையும் தடுக்கப் பார்க்கிறார்" என்றார். பின்னால் நின்ற மச்சான் உடனே, "இல்லக்கா, பத்து நிமிஷந்தான்!" என்றான். அந்த அக்கா அவனுக்குச் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தேன், எழும்ப முடியாததாலும்தான். நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து மழையே இறங்கி அவர்களைத் திருப்பி அனுப்பியது.

அதெல்லாம் போகட்டும். வருகிற வழியில் அம்பேவெலவில் ஒரு கடையில் பால் தேத்தண்ணி கேட்டோம். அம்பேவெல! திரும்பின பக்கமெல்லாம் பண்ணை, வேலிக்கு அந்தப் பக்கம் மாடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் பால்மாப் பெட்டியைத் திறந்து, ஆறிய தண்ணீரில் கரைக்கிறார். கோப்பையில் கட்டி மிதக்கிறது. பசும்பால் இல்லையா என்று கேட்டால், "அதெல்லாம் கொழும்புக்குப் போகுது தம்பி" என்கிறார். கரண்டியால் கட்டியை நசுக்கி நசுக்கிக் குடித்து முடித்தால், பில்லில் பசும்பால் விலை!