மலையடிவாரத்தில் நின்றுவிட்டவன்

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவின் 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' நாவலை இரண்டு முறை பாதியில் மூடி வைத்தவன் நான். பாதி என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. இரண்டு முறையும் எண்பது பக்கத்தைத் தாண்டவில்லை.

1327 நவம்பர். வட இத்தாலியில் மலைமேல் ஒரு மடாலயம். ஏடுகளில் ஓவியம் தீட்டும் இளந்துறவி ஒருவர் செத்துக் கிடந்திருக்கிறார். துப்புத் துலக்க வில்லியம் என்ற துறவி தன் சீடன் அட்ஸோவோடு வருகிறார். கேட்க விறுவிறுப்பாகத்தானே இருக்கிறது? எக்கோவோ அந்தச் சாவை ஓரமாக வைத்துவிட்டு, தேவாலய வாசலில் செதுக்கிய உருவங்களைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறார். அது முடிந்தால், ஏசுவுக்குச் சொத்து இருந்ததா இல்லையா என்று போப்புக்கும், ஏழ்மையை விரதமாகக் கொண்ட பிரான்சிஸ்கன் துறவிகளுக்கும் நடக்கும் வழக்கு. நடுநடுவே மொழிபெயர்க்காத லத்தீன் வேறு.

மூன்றாம் முறை, ஒரு வரியும் விடுவதில்லை என்று வீம்பாக உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த வாசல் வர்ணனையின் முடிவில் நிற்கும் ஆளைக் கவனித்தேன். சால்வதோரே. கல்லில் பார்த்த கோர முகங்களில் ஒன்று இறங்கி வந்ததுபோல இருக்கிறான். நாலைந்து மொழிகளைக் கலந்து உளறுகிறான். அந்த உளறலில் 'பெனிடென்சியாஜிதே' என்று ஒரு சொல். வில்லியம் சட்டென்று நிமிர்கிறார். தோல்சினோ என்ற கலகக்காரரின் கூட்டத்தார் முழங்கிய சொல் அது. முன்பு அதைப் படித்தும் படிக்காமலும் புரட்டியிருக்கிறேன்.

ஏழு நாள் நடக்கும் இந்தக் கதையில், ஐந்தாம் நாள் விசாரணையில் அந்தப் பழைய கதைதான் ஒருவரின் கழுத்தைச் சுற்றுகிறது. திருச்சபையின் விசாரணை அதிகாரி பெர்னார்து குய் குரலை உயர்த்தக்கூட இல்லை. ஒரு காலத்தில் தோல்சினோ கூட்டத்தில் இருந்து, இப்போது மடாலய உக்கிராணத்தைக் கவனிக்கும் ரெமிஜியோ, சித்திரவதைக்குப் பயந்து, செய்யாத கொலைகளையும் செய்ததாக ஒப்புக்கொள்கிறார். அந்த அத்தியாயத்தில் என் காபி ஆறிப்போனது. மூன்றாம் நாள் இரவில் தோல்சினோ கதை வரும் இடத்தைத் தாண்டிக் குதித்தவருக்கு இது வெறும் கோர்ட் சீன்.

முதல் நூறு பக்கத்தைக் குறைக்கச் சொன்னார்களாம் நண்பர்களும் பதிப்பாளர்களும். எக்கோ மறுத்துவிட்டார். மடாலயத்துக்குள் வருபவர் அதன் நடைக்குப் பழக வேண்டும், முடியாதவர் மலையடிவாரத்திலேயே இருக்கட்டும் என்று பின்னாளில் எழுதினார். திமிர்தான். ஆனால் இந்த நாவல் அளவில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மெதுவாகத் தொடங்கும் எல்லா நாவலுக்கும் இந்தச் சலுகையை நான் தரமாட்டேன். பலவற்றில் அந்த மெதுவுக்குப் பின்னால் எதுவுமே இருப்பதில்லை, வெறும் பஞ்சடைப்பு. இதிலும் அந்தச் சொத்து வழக்கைப் பாதியாக வெட்டியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது.

அப்புறம் மடாலயத்தின் அந்தச் சுற்றுவழி நூலகம். அறைக்கு அறை எழுதிய வாசகங்களின் முதல் எழுத்துகளைக் கோத்து வில்லியமும் அட்ஸோவும் வழி கண்டுபிடிக்கும் இடத்திலிருந்து புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. கொலையாளி யார் என்று சொல்லப் போவதில்லை, கமெண்டிலும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

லத்தீன் வரிகளை மட்டும் மூன்றாம் முறையும் தாண்டித்தான் போனேன். வீம்புக்கும் ஒரு எல்லை உண்டு.