அந்தப் பாட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார், தம்பி

அந்த வீடியோவை இன்னும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், கடைசிவரை. அலாஸ்காவின் வடக்கு முனையில், உட்கியாக்விக் ஊரில், அங்கத்திய பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்களின் பாரம்பரிய மையத்துக்குள் போய், தோல் தைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, “அழிந்துகொண்டிருக்கும் ஆதிவாசிகள்” என்கிறார் நம்ம யூடியூப் தம்பி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

அழியவில்லை தம்பி. அந்தப் பாட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

1999இல் திறந்த மையம் அது. கண்காட்சிக் கூடம் உண்டு, நூலகம் உண்டு. ஆனால் அதன் உயிர் பட்டறை அறையில்தான் இருக்கிறது. அலாஸ்காவில் வேலையாக இருந்தபோது நானும் போயிருக்கிறேன். சாலை கிடையாது, விமானம்தான். பட்டறையில் படகுச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பழைய தோல் ஒன்றை எடுத்துத் தையலைக் காட்டினார். உமியாக் என்ற அவர்களுடைய படகுக்குப் போர்த்துகிற, தாடி சீல் என்ற கடல் விலங்கின் தோல். கரிபூ மானின் தசைநாரைத் திரித்த நூல். ஊசி தோலின் பாதிக் கனத்துக்குள்ளேயே போய்த் திரும்ப வேண்டும். மறுபக்கம் துளை விழுந்தால் கடல்நீர் உள்ளே வரும். அந்தப் படகில்தான் வசந்த காலத்தில் பனிக்கடலில் திமிங்கல வேட்டைக்கு இன்றும் போகிறார்கள். தையல் தவறினால் உயிர் போகும். அதைத்தான் அந்தப் பாட்டி செய்துகொண்டிருந்தார்.

“திமிங்கலத்தைக் கொல்பவர்களுக்கு வக்காலத்தா?” என்று கேட்பீர்கள். கேளுங்கள். இவர்கள் வேட்டையாடும் போஹெட் வகைத் திமிங்கலத்தை ஆயிரக்கணக்கில் கொன்று தீர்த்தவை 1848 முதல் பெரிங் நீரிணை தாண்டி வந்த வணிகக் கப்பல்கள். அவற்றில் பல கிளம்பியது அமெரிக்கக் கிழக்குக் கரையின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து. அந்த ஊரின் திமிங்கல வேட்டை வரலாற்றுப் பூங்காவோடு இந்த மையம் இணைக்கப்பட்டிருப்பதே அதனால்தான். அந்தக் கப்பல்காரர்கள் செய்ததற்கு, திமிங்கலங்கள் மிகக் குறைவாகத்தான் மிச்சம் என்று கணக்குச் சொல்லி, 1977இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் இனுப்பியாட் மக்களுடைய வேட்டைக்குத் தடை போட்டது. திமிங்கலங்கள் பனிக்கு அடியில் போகின்றன, எண்ணுகிறவர்கள் கண்ணில் படவில்லை என்று வேட்டைத் தலைவர்கள் சொன்னார்கள். கடலுக்குள் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. இன்று ஒதுக்கீட்டுக்கு உட்பட்டுத்தான் வேட்டை. இறைச்சியை விற்பதில்லை, ஊருக்கே பங்கு போகும்.

“ஸ்னோமொபைல் ஓட்டுகிறார்கள், அப்புறம் என்ன பாரம்பரியம்?” இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

“பொது இடம், யாரும் படம் எடுக்கலாம்.” சரி, எடுக்கலாம். கேட்டுவிட்டு எடுக்கக் கூடாதா? அந்தப் பெரியவர் நான் கேட்காமலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கேட்டால் சொல்கிறவர்கள் அவர்கள்.

வீடியோவைவிட, கீழே நம்மாட்கள் போட்ட கமெண்டுகள்தான் எனக்கு ஆறவில்லை. “என்ன நாற்றம் அடிக்குமோ” என்று எத்தனை பேர்! நம் கடற்கரையில் கருவாடு காயப்போடும் அம்மாவின் முன் எவனாவது மூக்கைப் பொத்திக்கொண்டு படமெடுத்தால் சும்மா விடுவோமா?

பாட்டி முகம் வரும் பகுதியையாவது நீக்கிவிடுங்கள் என்று தம்பிக்கு நேற்றே எழுதினேன். ஒரு சிரிப்புப் பொம்மை பதிலாக வந்தது. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு லைக் போட்டுவிட்டு இங்கே வந்து “விடுங்கண்ணே, சின்னப் பையன்” என்று சமாதானம் பேசுகிறவர்கள், முதலில் அந்த லைக்கை எடுத்துவிட்டு வாருங்கள்.