மோட்டார் போட்டவர்களும் மீம் போட்டவர்களும்

"நூலகம் தூங்குது" மீம் எனக்கும் வந்தது. ஊரெல்லாம் சுற்றி, எழுத்தே மங்கிப்போன நிலையில் வந்து சேர்ந்தது. ஆய்விதழ் இணைப்பு போனதற்கு நூலகம் தூங்கியதுதான் காரணமாம், நாற்காலியில் குறட்டை விடும் அந்த அம்மா நூலகரான நான்தானாம். இருக்கட்டும்.

ஆய்விதழ்களை வெளியிடும் பதிப்பகம் நம் பல்கலைக்கழகத்தின் இணைப்பைத் துண்டித்தது நாங்கள் எதையோ புதுப்பிக்க மறந்ததால் இல்லை. விடுதியில் ஒருத்தர், எல்லாவற்றையும் தானாகவே இறக்கிக்கொண்டிருக்கும் டவுன்லோடர் ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிட்டுப் படுக்கப் போனதால். தூங்கியது யார் என்று இப்போது தெரிகிறதா?

கணினி மையத்தில் உட்கார்ந்து லாகை, அதாவது எது எப்போது இறங்கியது என்ற பதிவைப் பார்த்தோம். ஓர் ஆய்விதழின் முதல் தொகுதி, முதல் இதழில் ஆரம்பித்து வரிசையாக இறங்கியிருக்கிறது. கட்டுரை மட்டுமா? ஆசிரியர் குழுப் பட்டியல், பிழைதிருத்தம், அட்டைப்படம், மாநாட்டு அறிவிப்பு, ஒன்று விடாமல் தனித்தனி பிடிஎஃப். எண்பதுகளில் நடந்து முடிந்த மாநாட்டின் அறிவிப்பை வைத்துக்கொண்டு என்ன பிஎச்டி பண்ணப் போகிறாய் ராசா?

பதிப்பகத்துக்கு உங்கள் முகம் தெரியாது. வளாகத்தில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரு சில ஐபி முகவரிகள், அதாவது இணையத்தில் வளாகத்தின் கதவு எண்கள்தான். அடைத்தால் அதைத்தான் அடைப்பார்கள். தெருக்குழாயில் ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். இங்கே கடைசி வீடு யார் தெரியுமா? அடுத்த வாரம் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க வேண்டிய ஒரு பெண். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று அழுதாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கட்டுரை.

படிப்பதற்காக எடுங்கள். எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. சேர்த்து வைப்பதற்காக எடுக்காதீர்கள். பதிப்பகத்தின் ஒப்பந்தம் கேட்பது இவ்வளவுதான்: மொத்தமாக இறக்காதே, பாஸ்வேர்டை அடுத்தவருக்குக் கொடுக்காதே, விற்காதே.

உடனே வருவார்கள். "மக்கள் வரிப்பணத்தில் செய்த ஆராய்ச்சியை எவனோ பூட்டி வைத்து விற்கலாமா?" கூடாது. பேராசிரியர் சும்மா எழுதிக் கொடுக்கிறார், இன்னொருவர் சும்மா மதிப்பீடு செய்கிறார், அதையே நமக்குத் திருப்பி விற்று நூற்றுக்கு முப்பதுக்கு மேல் லாபம் பார்க்கிற பெரிய பதிப்பகங்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்கு உங்களைவிட அதிகம், பில்லைக் கையில் வாங்குவது நான். ஆனால் உங்கள் ஸ்கிரிப்டால் பதிப்பகத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு.

"ஆரன் ஸ்வார்ட்ஸ்" என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தார். தம்பி, ஸ்வார்ட்ஸ் அறிவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று போராடிய அமெரிக்க இளைஞர். 2010இல் அவர் எம்ஐடி பல்கலைக்கழக நெட்வொர்க் வழியாக, ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கில் கட்டுரைகளை இறக்கியபோது, ஜேஸ்டோர் எம்ஐடி முழுவதற்குமே சில நாள் இணைப்பை நிறுத்தியது. அங்கேயும் மாட்டிக்கொண்டது சம்பந்தமில்லாத ஆய்வாளர்கள்தான். அதற்குப் பிறகு அமெரிக்க அரசு அவர் மேல் வழக்குப் போட்டுத் துரத்திய விதம் கொடுமை, 2013 ஜனவரியில் 26 வயதில் அந்தப் பையன் உயிரையே விட்டான். டெலிகிராம் குரூப்பில் "ஃபுல் செட் இருக்கு, வேணுமா" என்று கேட்பவரை அவரோடு சேர்த்து வைக்காதீர்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காசு கட்ட வேண்டிய கட்டுரைகளைச் சும்மா கொடுக்கும் சைஹப் தளம் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது நீதிமன்றம் வரை போன விஷயம், நான் வாயைத் திறக்கமாட்டேன். அடுத்தது.

"அதான் ஒரே நாடு ஒரே சந்தா வந்தாச்சே, காசு அரசாங்கம் கட்டுது, உங்களுக்கு என்ன?" இதுதான் எரிச்சலின் உச்சம். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்து மத்திய அரசே ஆய்விதழ்ச் சந்தா கட்டும் திட்டம் அது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஐஐடிக்காரர்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை இன்றைக்கு ஒரு மாவட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரிப் பிள்ளையும் திறந்து பார்க்கலாம். இது சாதாரண விஷயமா? காசு யார் கட்டினால் என்ன, இதை ஒருத்தர் ஸ்கிரிப்ட் போட்டு எல்லோருக்கும் அடைத்துவிடலாமா?

நான் படித்த காலத்தில் ரீபிரிண்ட் கார்டு என்று ஒன்று உண்டு. கட்டுரை எழுதியவருக்கே அச்சடித்த அஞ்சலட்டையில் "தயவுசெய்து ஒரு பிரதி அனுப்பவும்" என்று எழுதிப் போடுவோம். அனுப்பினாலும் அனுப்புவார், அனுப்பாமலும் இருப்பார். இல்லையென்றால் டெல்லியில் இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையத்துக்குப் பணம் கட்டி ஜெராக்ஸ் வரவழைக்க வேண்டும். எங்கள் கைடு ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ரீபிரிண்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். ஸ்டாம்பை மட்டும் அவர் பையனுக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அப்படி வளர்ந்தவளைப் பார்த்து "இவங்க அறிவைப் பூட்டி வைக்கிறாங்க" என்கிறீர்கள். யார், நானா? வெளியாள் ஒருவர் வந்தால்கூட, ஒப்பந்தத்தில் இடமிருந்தால், இங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும் என்று நாற்காலி போடச் சொல்கிறவள் நான். ஓரியன்டேஷனுக்குக் கூப்பிட்டால் முதல் வரிசைகூட நிரம்புவதில்லை. இணைப்பு போன அன்றுதான் நூலகம் என்று ஒன்று இருப்பதே பலருக்கு ஞாபகம் வந்தது. துறைத்தலைவர் ஒருவர் போனில் கத்தினார். அவர் பாஸ்வேர்ட் அந்தத் துறையில் யாருக்குத் தெரியாது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இணைப்பு திரும்ப வந்துவிட்டது. விளக்கக் கடிதம் எழுதி, இனி நடக்காது என்று கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அந்தக் கடிதத்துக்கு யாரும் மீம் போடவில்லை.

உள்பெட்டியில் "யாரு மேடம் அது, பேரைச் சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு: சொல்லமாட்டேன். கமிட்டிக்குத் தெரியும், போதும். யார் எதைப் படிக்கிறார் என்று வெளியே சொல்லாமலிருப்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அவர் அதில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.