வீட்டுக் கணக்கிற்கு எந்தக் கருவி?

வீட்டு வரவு செலவை எழுத எந்தச் செயலி நல்லது என்று கேட்கும் நண்பர்களிடம், உங்கள் வீட்டில் பணம் எந்தெந்த வழியில் வெளியே போகிறது என்பதை முதலில் பாருங்கள் என்றே சொல்கிறேன். வங்கியின் குறுஞ்செய்திகளைப் படித்துத் தானாகவே கணக்கெழுதும் செயலி ஒன்றை நானும் நம்பியிருந்தேன். முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்துச் சிறு தொகைகளைச் செலுத்த உதவும், 2022-இல் வந்த யுபிஐ லைட்டை நாங்கள் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்தக் கணக்கில் ஓட்டை விழுந்தது. கீரைக்கும் தேநீருக்கும் அதிலிருந்து கொடுக்கும்போது, அதில் பணம் ஏற்றிய ஒரு வரி மட்டுமே வங்கிக் கணக்கில் பதிவாகிறதே தவிர, ஒவ்வொரு செலவும் தனித்தனியே வருவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளமும், கல்யாண வீட்டில் எழுதும் மொய்யும் ரொக்கமாகவே போகின்றன. மேலும், கணக்கெழுத வேண்டும் என்பதற்காக நம் குறுஞ்செய்திகள் முழுவதையும் படிக்கும் அனுமதியை ஒரு செயலிக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைவிடப் பெரிய குறை, பல செயலிகள் மாதத்தையே அளவாக வைத்திருப்பது. நம் மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை வருகிறது. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. பள்ளிக் கட்டணம் பருவத்திற்கு ஒரு முறை. காப்பீட்டுத் தவணை ஆண்டுக்கு ஒரு முறை. எங்கள் வீட்டில் மின்கட்டணம் 2,400, சொத்து வரி 3,000, மூன்று பருவங்களுக்கும் தலா 24,000, காப்பீடு 18,000 ரூபாய். இவற்றை மாதத்திற்குப் பிரித்தால் 9,200 ரூபாய் வருகிறது. இந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கிற்கு மாற்றத் தொடங்கிய பிறகுதான், ஜூன் மாதத்தில் நகையை அடகு வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் நின்றது. இந்தப் பிரிப்பை நமக்கேற்ப அமைத்துக்கொள்ள, கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

எந்தக் கருவியானாலும் கணக்கைக் கோப்பாகத் தரவிறக்க முடிகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஏராளமானோர் வரவு செலவு பார்க்கப் பயன்படுத்திய மின்ட் செயலியையே அதன் உரிமையாளரான இன்ட்யூட் 2024-இல் மூடிவிட்டது.

அம்மா இன்னமும் நோட்டில்தான் எழுதுகிறார், அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஞாயிறு இரவு அவர் பால், காய்கறி, மளிகை என்று வாசிக்க, நானும் மனைவியும் விரிதாளில் ஏற்றிவிடுகிறோம். இருபது நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை.