கறுப்பினப் பிள்ளைகளின் கத்தோலிக்கப் பள்ளிகள்: நன்றி யாருக்கு?

அமெரிக்காவில் இனப்பிரிவினை கோலோச்சிய காலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்காகத் திருச்சபை நடத்திய பள்ளிகளைப் பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் வெள்ளையின வள்ளல்களின் கருணையிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தக் கருணை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நன்றியை அங்கிருந்து தொடங்குவது தவறு என்று உறுதியாகக் கருதுகிறேன்.

1828-இல், அடிமைமுறை சட்டப்படியே நடந்துகொண்டிருந்த மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில், கரீபியப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய எலிசபெத் லாங்கே என்ற கறுப்பினப் பெண், ஜேம்ஸ் ஜூபேர் என்ற குருவானவரின் துணையுடன் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அவரும் அவருடைய தோழியரும் துறவற வாக்குறுதி எடுத்துக்கொண்டபோது, அந்நாட்டில் கறுப்பினப் பெண்கள் உருவாக்கி நிலைபெறச் செய்த முதல் கத்தோலிக்கத் துறவற சபை பிறந்தது. 1843-இல் ஜூபேர் இறந்தபின் ஆதரவு வற்றியது. துணி துவைத்தும் தைத்தும் ஈட்டிய பணத்தில் அந்தச் சகோதரிகள் பள்ளியைக் காப்பாற்றினார்கள். புனித பிரான்சிஸ் அகாதெமி என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. உள்நாட்டுப் போருக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்திய இந்த உழைப்பைப் பின்னால் வந்த கொடையாளர்களின் வரலாற்றுக்கு முன்னுரையாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொடையாளர்களில் தலையாயவர் பிலடெல்பியாவின் வங்கிக் குடும்பத்தில் பிறந்த கேத்தரின் டிரெக்செல். 1891-இல் ஒரு துறவற சபையை நிறுவி, தமக்கு வந்த சொத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 2 கோடி டாலரைக் கறுப்பின மக்களுக்கும் அமெரிக்கப் பூர்வகுடியினருக்கும் செலவிட்ட அவருக்கு 2000-இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் பணியின் பயனை நியூ ஆர்லியன்ஸில் தெளிவாகக் காணலாம். அந்நகரக் கல்வி வாரியம் 1900-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கான அரசுக் கல்வியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டது; அவர்களுக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி 1917 வரை இல்லை. அந்த இடைவெளியில், 1915-இல், டிரெக்செல் தொடங்கிய சேவியர் பள்ளிதான் 1925-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்து, கறுப்பின மருத்துவர்களையும் மருந்தாளர்களையும் உருவாக்கும் முன்னணி நிறுவனமாக இன்று நிற்கிறது.

ஆயினும் அதே நகரில் 1895-இல் கறுப்பினத்தவருக்கெனத் தனிக் கோயிலோடு ஒரு பங்கு, அதாவது வழிபாட்டுச் சமூகம், திறக்கப்பட்டதும் டிரெக்செலின் பணத்தில்தான். எல்லாரோடும் ஒரே கோயிலில் வழிபட்டுவந்த கிரியோல் (ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கலப்பு வழிவந்த) கத்தோலிக்கர் பலர், இது பிரிவினையைக் கோயிலுக்குள்ளும் நிலைநிறுத்தும் என்று எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதே சரி என்பது என் எண்ணம். கறுப்பினப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த டிரெக்செலின் சபையும் பல பத்தாண்டுகள் கறுப்பினப் பெண்களைத் தன் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கற்பிக்கத் தகுந்தவர்கள், உடன்வாழத் தகாதவர்கள் என்ற இந்த முரண்பாட்டை, காலத்தின் வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

துணிந்து நின்றவர்களும் இருந்தார்கள். கறுப்பின மாணவர்களுக்கு வெள்ளையர் பாடம் நடத்தக்கூடாது என்று புளோரிடா 1913-இல் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தை மீறிப் புனித அகஸ்டின் நகரில் தொடர்ந்து கற்பித்ததற்காக, புனித யோசேப்பு சபையின் மூன்று சகோதரிகள் 1916-இல் கைது செய்யப்பட்டார்கள். தனியார் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று நீதிபதி தீர்ப்பளித்து அவர்களை விடுவித்தார்.

இவ்வளவுக்கும் அடியில் இருந்த பெற்றோரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. தங்கள் வரிப்பணத்தில் வெள்ளையர் பள்ளிகள் செழிப்பதைப் பார்த்துக்கொண்டே, வீட்டு வேலையிலும் துறைமுக வேலையிலும் கிடைத்த சொற்பக் கூலியிலிருந்து இவர்கள் திருச்சபைப் பள்ளிக்குத் தனியே கட்டணம் செலுத்தினார்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கரே அல்லர். ஒழுங்கும் கண்டிப்பும் நிறைந்த கல்வி தங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் கொடுத்த பணத்தையும் கொடை என்றே நான் சொல்வேன்.

பிரிவினையை முடிப்பதில் திருச்சபை ஒரே குரலில் பேசவில்லை. செயின்ட் லூயிஸில் பேராயர் ரிட்டர் 1947-இலேயே, அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, மறைமாவட்டப் பள்ளிகளை எல்லாருக்கும் திறந்து, எதிர்த்து வழக்குத் தொடுக்க முனைந்தவர்களைச் திருச்சபையிலிருந்தே விலக்கி வைப்பேன் என்று எச்சரித்தார். நியூ ஆர்லியன்ஸிலோ, பிரிவினை பாவம் என்று பேராயர் ரம்மெல் 1956-இல் அறிவித்தபோதும், கத்தோலிக்கப் பள்ளிகளில் இரு இனப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் இணைப்பு 1962-இல்தான் வந்தது. அரசுப் பள்ளிகளில் அந்த மாற்றம் 1960-லேயே தொடங்கிவிட்டது. பாவம் என்று தெரிந்தும் ஆறு ஆண்டுகள் காத்திருந்ததற்கு, எதிர்ப்பாளர்களின் வலிமை மட்டுமே விளக்கமாகாது.

இணைப்பு வந்தபின் பல இடங்களில் மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகளே. வெள்ளையர் பள்ளிகள் அப்படியே இருக்க, கறுப்பினப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர வேண்டியதாயிற்று. சலவைத் தொட்டியருகே நின்று ஒரு பள்ளியைக் காத்த சகோதரிகளின் வழிவந்தோரும், தலைமுறைகளாகக் கட்டணம் கட்டிய குடும்பங்களும், மூடும் முடிவு எடுக்கப்பட்ட மேசையில் சம உரிமையோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.